மாடி ஏறாம விலை சொல்றவங்க வேண்டாம்

"லொகேஷன் மட்டும் அனுப்புங்க மேடம், சாயங்காலத்துக்குள்ள கொட்டேஷன் வந்துடும்."

இந்த வரியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. வீட்டு மேல சோலார் போடணும், ஒழுகுற மொட்டைமாடியையும் சேத்துச் சரி பண்ணணும்னு கொஞ்ச நாளா விசாரிச்சுக்கிட்டு இருக்கோம். போன் பண்ணின முக்காவாசிப் பேர் கேட்டது ரெண்டே ரெண்டு விஷயம்தான். எத்தனை கிலோவாட்? எப்ப பணம்?

மாடி எப்படி இருக்குன்னு யாரும் கேக்கல. எங்க ஒழுகுதுன்னும் கேக்கல. சாயங்காலம் பாத்தா வாட்ஸப்ல அழகா கலர் கலரா பிடிஎஃப் வந்து நிக்கும்.

எங்க வீடு தாம்பரத்துக்குத் தெற்கே. மாமனார் கட்டினது. மேல மொட்டைமாடி, தெக்குப் பக்கம் படிக்கட்டு ரூம், அது தலையில தண்ணி டேங்க். ஐப்பசி அடைமழை பிடிச்சா பின்கட்டு ரூம் சீலிங்ல ஓதம் அடிக்கும். கார்த்திகையில சொட்ட ஆரம்பிக்கும். அதனால எங்களுக்கு இது ரெண்டு வேலை: மாடித் தரை, சோலார்.

சோலார் கம்பெனிக்காரங்க, "தரை வேலை நாங்க பண்றதில்ல மேடம்"னாங்க. மேஸ்திரி, "சோலாரை அப்புறமாப் போட்டுக்கம்மா"ன்னாரு. ரெண்டும் நியாயம்தான். ஆனா இந்த ரெண்டு வேலைக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. பேனல் ஸ்டாண்டோட கால் தரையில ஊன்றுற இடம். தண்ணி இறங்குறதே அங்கதான். அதுக்கு யார் பொறுப்புன்னு கேட்டா, இவரு அவரைக் கை காட்டுறாரு, அவரு இவரைக் கை காட்டுறாரு.

என்னைக் கேட்டா, காண்ட்ராக்டரை எடைபோட வேண்டிய இடமே அதுதான். பேனல் பிராண்டு, ஆஃபர், ஈஎம்ஐ எல்லாம் அதுக்கு அப்புறம்.

ஏன்னு சொல்றேன்.

பேனலுக்கு 25 வருஷம் பெர்ஃபார்மன்ஸ் வாரண்டி தர்றாங்க. நல்ல விஷயம். அப்படின்னா 25 வருஷத்துக்கு அந்தப் பேனலுக்கு அடியில இருக்குற தரையில நம்மளால கை வைக்க முடியாது. நடுவுல ஒழுகினா மொத்தத்தையும் கழட்டணும், தரையைக் கொத்தணும், திரும்ப மாட்டணும். கழட்டி மாட்டுற கூலி ஒரு பக்கம். "நீங்க வேற ஆளை வச்சுக் கழட்டினீங்க, இனிமே வாரண்டி இல்ல"ங்கிற பேச்சு இன்னொரு பக்கம்.

நம்ம ஊர் பழைய மாடி எப்படிப் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா இது இன்னும் நல்லாப் புரியும். கான்கிரீட் ஸ்லாப். அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூணு நாலு அங்குலம் கனத்துக்குக் கொட்டி, கட்டையால அடிச்சு அடிச்சு இறுக்கின தளம். (கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு அடிப்பாங்க. அந்தக் காலத்து ஆளுங்களைக் கேட்டா கதை கதையாச் சொல்லுவாங்க.) அதுக்கு மேல தட்டோடு. இவ்வளவும் வாட்டம் பாத்து மழைக்குழாய் பக்கமா சரிவாப் போட்டிருப்பாங்க.

இப்ப சோலார் பையன் ட்ரில்லிங் மெஷினோட வர்றான்னு வச்சுக்குங்க. தட்டோட்டுல ஓட்டை போட்டு ஒரு போல்ட்டை இறக்குறான். போல்ட் நீளம் பத்தலன்னா அது கான்கிரீட்டைத் தொடவே தொடாது. செங்கல் ஜல்லியில சொருகி நிக்கும். பிடிமானமும் இல்ல, அந்த ஓட்டை வழியா தண்ணியும் இறங்கும். இறங்கின தண்ணி நேரா கீழயும் சொட்டாது. ஜல்லிக்குள்ளயே ஊறிப் பரவி, பத்தடி தள்ளி எங்கயோ ஒரு விரிசல்ல போய் எட்டிப் பாக்கும். அப்புறம் ஓட்டையைக் கண்டுபிடிக்கவே ஒரு ஆளு வைக்கணும்.

"அதெல்லாம் வேண்டாம் மேடம், ஓட்டையே போடாம சிமெண்ட் கல்லு வச்சு நிறுத்திடலாம்"னு ஒருத்தர் சொன்னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. "கல்லு எத்தனை கிலோ?"ன்னு கேட்டேன். "அது வழக்கமா வைக்கிறதுதான்"னாரு.

இங்கதான் கொஞ்சம் கணக்கு வேணும். இப்ப வர்ற 540, 550 வாட் பேனல் ஒண்ணு சுமார் 28 கிலோ. 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல். எல்லாம் சேத்தே 170 கிலோகிட்டதான். அதனால "மாடி தாங்குமா?"ன்னு நாம பயப்படுறோமே, நல்லா இருக்குற ஸ்லாபுக்கு அந்த எடை பெரிய விஷயமே இல்ல. பயப்பட வேண்டியது காத்துக்கு. காத்துச் சுமைக்குன்னு இந்திய தரநிலை ஐஎஸ் 875 மூணாம் பாகம் இருக்கு. அதுல சென்னைக்கு அடிப்படைக் காத்து வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39 மீட்டர்தான். அந்த 50 மீட்டர் வேகத்துல ஒரு சதுர மீட்டர் மேல விழுற அழுத்தம் ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமம். ஒரு பேனலோட பரப்பு இரண்டரை சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்க. 28 கிலோ பேனலைக் காத்து நூத்துக்கணக்கான கிலோ விசையில தூக்கப் பாக்கும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடிச்ச அன்னிக்கு சென்னையில இருந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டெல்டாக்காரங்களுக்கு கஜா.

அதனால "வழக்கமா வைக்கிற கல்லு" எனக்குப் பத்தாது. எங்க ஊர் காத்துக்குக் கணக்குப் போட்ட ஸ்ட்ரக்சர்னு தாள்ல வேணும்.

இப்ப எனக்குச் சந்தோஷம் கொடுத்த விஷயத்துக்கு வரேன்.

ஒரு சின்ன காண்ட்ராக்டர். சிவில் வேலையும் சோலாரும் சேத்துப் பண்றவரு. போன்ல விலை கேட்டேன். "மாடியைப் பாக்காம எப்படிம்மா சொல்றது, ஞாயித்துக்கிழமை வரேன்"னாரு. வந்தாரு. நேரா மாடிக்குப் போவாருன்னு பாத்தா, பின்கட்டு ரூமுக்குப் போனாரு. டார்ச் அடிச்சு சீலிங்கைப் பாத்தாரு. "எந்த மாசம் சொட்டுது? மழை பெய்யும்போதேவா, விட்டப்புறமா?"ன்னு கேட்டாரு. (விட்டப்புறமும் ரெண்டு நாள் சொட்டும். "அப்ப தளம் ஊறிக் கிடக்கு"ன்னாரு.)

அப்புறம் மேல ஏறினாரு. சுத்தியலைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, குந்தி உக்காந்து, தட்டோட்டை ஒவ்வொண்ணா கட்டைப் பக்கத்தால தட்டிக்கிட்டே போனாரு. நல்லா ஒட்டியிருக்குற ஓடு 'டக்'குங்குது. அடியில விட்டுப் போன ஓடு 'டொப்'புங்குது. டொப்புன்னு வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டாரு. கைப்பிடிச்சுவர் ஓரம் முழுக்க வட்டமா ஆயிடுச்சு. சுவரும் தரையும் சேர்ற மூலையில பூச்சு பிளந்து கிடந்துச்சு. அதுல விரல் நகத்தை விட்டுக் காட்டினாரு. "தண்ணி இங்கதான்மா இறங்குது. நடுத்தரை பரவால்ல."

இத்தனைக்கும் அப்புறம்தான் சோலார் பேச்சே வந்துச்சு. அதுலயும் முதல் கேள்வி, "ஈபி கனெக்ஷன் யார் பேர்ல இருக்கு?"

மாமனார் பேர்ல இருக்கு. அவரு காலமாயிட்டாரு. "அப்ப முதல்ல பேர் மாத்துங்கம்மா. கரண்ட் பில்லு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியும்"னாரு. வாட்ஸப்ல விலை அனுப்பினவங்க ஒருத்தர்கூட இதைக் கேக்கலங்க!

அடுத்தது நிழல். இதைக் கேளுங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

மத்த ரெண்டு கம்பெனிக்காரங்க வந்தது சித்திரை மாசம், உச்சி வெயில்ல. படிக்கட்டு ரூமுக்கு வடக்க பெரிய காலி இடம். பளீர்னு வெயில். "அருமையான ஸ்பேஸ் மேடம்"னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. சித்திரையில சென்னையில சூரியன் தலைக்கு நேரா நிக்கும். அப்ப எந்த நிழலும் கண்ணுக்கே தெரியாது. ஆனா மார்கழியில சூரியன் தெக்க சாஞ்சுடும். இவரு டேப் பிடிச்சு ரூமையும் டேங்கையும் சேத்து அளந்தாரு. 14 அடி. மார்கழியில நடு மத்தியானத்துலயே அதோட நிழல் வடக்க 10 அடிக்கு விழும். காலையிலயும் சாயங்காலமும் இன்னும் நீளமா, சாய்வா விழும். தரையில சாக்பீஸால கோடு போட்டு, "இதுக்குள்ள ஒரு பேனல்கூட வரக்கூடாது"ன்னாரு. பேனல்களைத் தொடரா கோத்துத்தான் மாட்டுறாங்க. ஒண்ணு மேல நிழல் விழுந்தாலும் வரிசை முழுக்க உற்பத்தி அடிவாங்கும்.

அந்த 'அருமையான ஸ்பேஸ்'ல பாதி அந்தக் கோட்டுக்குள்ள போயிடுச்சு.

அப்புறம் கரண்ட் பில்லைக் கேட்டாரு. ஒரு பில்லு இல்ல, ஒரு வருஷத்துப் பில்லு. எங்களுக்கு ரெண்டு மாசத்துக்குச் சுமார் 600 யூனிட் ஆகுது. மத்தவங்க எல்லாரும் 5 கிலோவாட்தான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. இவரு போட்ட கணக்கு: ஒரு கிலோவாட்டுக்கு நம்ம ஊர் வெயில்ல ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட். 3 கிலோவாட்னா 12 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 720. "இதுவே உங்களுக்கு ஜாஸ்தி. மிச்சத்தை ஈபிக்கு அனுப்பினா, நீங்க கொடுக்குற ரேட்டுல உங்களுக்குத் திருப்பித் தர மாட்டாங்க."

மானியமும் அப்படித்தான். 2024 பிப்ரவரியில வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதோட முடிஞ்சது. 5 போட்டாலும் அதே 78,000தான். மேல போடுற ரெண்டு கிலோவாட் முழுக்க முழுக்க நம்ம காசு. "5 போடுங்க, மானியம் கிடைக்குதுல்ல"ன்னு யாராவது சொன்னா, "மூணுக்கு எவ்வளவு, அஞ்சுக்கு எவ்வளவு?"ன்னு திருப்பிக் கேளுங்க. பதில் வர்ற விதத்துலயே ஆளைத் தெரிஞ்சுக்கலாம்.

(இன்னொண்ணு. மானியம் நம்ம பேங்க் கணக்குக்குத்தான் வரும். "நாங்களே கழிச்சுக்கறோம், செக்கு ஒண்ணு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க"ன்னா, கதவு அந்தப் பக்கம்னு காட்டிடுங்க.)

கரண்ட் கட் பத்தியும் சொல்லிடறேன். "சோலார் போட்டாச்சுன்னா கரண்ட் போனாலும் உங்க வீட்டுல ஃபேன் ஓடும்"னு ஒரு பையன் எங்க அத்தைகிட்ட அடிச்சு விட்டுட்டான். பேட்டரி இல்லாத சாதாரண ஆன்கிரிட் சிஸ்டம் கரண்ட் போன உடனே தானே நின்னுடும். லைன்ல வேலை செய்யுற லைன்மேன் மேல நம்ம வீட்டு கரண்ட் பாயக்கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. இது தெரியாம சொல்லியிருந்தா அவனுக்கு வேலை தெரியல. தெரிஞ்சே சொல்லியிருந்தா அதைவிட மோசம்.

இனி கொட்டேஷன்.

எங்களுக்கு வந்ததை எல்லாம் டைனிங் டேபிள்ல வரிசையாப் பரப்பி, நானும் வீட்டுக்காரரும் பேனாவோட உக்காந்தோம். குறைஞ்ச விலைக்கும் கூடின விலைக்கும் அம்பதாயிரத்துக்கு மேல வித்தியாசம். எங்க போகுது அந்த அம்பதாயிரம்? 'தரமான', 'ஸ்டாண்டர்ட்', 'தேவைக்கேற்ப'. இந்த மூணு வார்த்தை எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் வட்டம் போட்டோம். விலை குறைய குறைய வட்டம் கூடிக்கிட்டே போச்சு.

'தரமான ஸ்ட்ரக்சர்'னா என்ன? முழுசா வெட்டி, துளை போட்டு முடிச்சப்புறம் துத்தநாகக் குழம்புல முக்கி எடுத்த இரும்பா, இல்ல மெல்லிசா பூச்சு வச்ச தகட்டை இங்க கொண்டாந்து வெட்டி மாட்டுறதா? ரெண்டையும் ஜிஐன்னுதான் சொல்லுவாங்க. கடல் காத்து வர்ற ஊருல வெட்டின முனைதான் முதல்ல துருப்பிடிக்கும்.

'ஸ்டாண்டர்ட் எர்த்திங்'னா எத்தனை குழி? பேனல் பக்கத்துக்கு ஒண்ணு, ஏசி பக்கத்துக்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணுன்னு மூணு தனித்தனியா எழுதியிருக்கணும்.

பேனல் மாடல் நம்பர் இருக்கணும். மானியத்துக்கு டிசிஆர் பேனல் வேணும், அதாவது செல்லும் பேனலும் ரெண்டுமே இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். அந்த வார்த்தை கொட்டேஷன்லயே இருக்கணும். பேனல் வந்து இறங்கின உடனே ஒவ்வொண்ணோட சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து வச்சுக்கணும்.

வரியையும் பாருங்க. 2025 செப்டம்பர் 22லேர்ந்து சோலார் சாமானுக்கு ஜிஎஸ்டி 12லேர்ந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. சாமான் 70 பங்கு, வேலை 30 பங்குன்னு பிரிச்சு, மொத்த வேலைக்குச் சேத்துப் பாத்தா 8.9 சதவீதம். முன்னாடி 13.8. ஒரு கம்பெனி இன்னும் பழைய 13.8லயே போட்டு அனுப்பியிருந்தாங்க. கேட்டதும் "டெம்ப்ளேட் மாத்தல மேடம்"னாங்க. சரி, மாத்தாத டெம்ப்ளேட்ல வேற என்னென்ன பழசு இருக்கோ!

மெயிண்டனன்ஸ் இன்னொரு இடம். இந்தத் திட்டத்துல மானியத்தோட போடுற சிஸ்டத்துக்கு 5 வருஷப் பராமரிப்பு வெண்டரோட கடமை. முதல் வருஷத்துலேர்ந்தே ஏஎம்சிக்குத் தனியா காசு போட்டிருந்தா, எதுக்குன்னு கேளுங்க.

சிவில் பக்கத்துல பாக்க வேண்டியது: பழைய தளத்தைக் கொத்தி எடுக்குற கூலி, ரப்பீஸ் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுற செலவு, முடிஞ்சப்புறம் குழாயை அடைச்சுத் தண்ணி கட்டி நிறுத்திப் பாக்குறது. மூணும் எழுத்துல இருக்கணும். ரப்பீஸ் செலவைக் கடைசி நாள் சொல்றவங்கதான் ஜாஸ்தி.

சரி, எழுத்துல எல்லாம் சரியா இருக்கு. வேலையில?

அதுக்கு ஒரே வழி, அவங்க போட்ட வீட்டைப் போய்ப் பாக்குறது. போன மாசம் போட்ட வீட்டைக் காட்டுவாங்க. புதுசுல எல்லாமே பளபளக்கும். குறைஞ்சது ரெண்டு அடைமழை பாத்த வீட்டைக் கேளுங்க. நாங்க ஒரு கம்பெனிகிட்ட அப்படிக் கேட்டு வாங்கிப் போனோம். அந்த வீட்டம்மா அவ்வளவு நல்லவங்க, மோர் கொடுத்து மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. ஸ்டாண்டு கால் அடியில வெள்ளைத் தட்டோட்டு மேல காவிக்கோடா துரு வழிஞ்சிருந்துச்சு. ஒயரைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் டை வெயில்ல நொறுங்கி, ஒயர் தரையில கிடந்துச்சு, மழைத்தண்ணி ஓடுற வழியிலயே. பேனல் மேல வெள்ளை வெள்ளையா உப்புப் படிவம், போர் தண்ணியில கழுவினது. "இன்வெர்ட்டர்ல சிவப்பு லைட்டு எரிஞ்சா கூப்பிடுவேன். வரேன் வரேன்னுதான் சொல்றாங்க"ன்னாங்க.

அந்தக் கம்பெனி பேரை அன்னிக்கே அடிச்சாச்சு.

நம்ம சாக்பீஸ்காரரும் ஒரு வீட்டைக் காட்டினாரு. அங்க ஸ்டாண்டு காலுக்குக் கீழ சின்னச் சின்ன சிமெண்ட் பீடம். பீடம் ஸ்லாபோட ஒட்டி எழும்பியிருக்கு. தட்டோடு அதைச் சுத்திப் பதிச்சு, ஓரத்தை வளைவா மேல ஏத்திப் பூசியிருக்கு. தண்ணி தேங்கவே வழியில்ல. "இதை எப்படிங்க பண்ணினீங்க?"ன்னு கேட்டதுக்குத்தான் எனக்கு வேணுங்கிற பதில் வந்துச்சு. "தரை போடுறதுக்கு முன்னாடியே கால் எங்கெங்க வரும்னு வரைஞ்சுடணும்மா. பழைய தளத்தைக் கொத்தி எடுத்ததும் ஸ்லாப் தெரியும். அப்பவே கம்பி வச்சு பீடத்தை எழுப்பிடணும். அதைச் சுத்தி தளம். கடைசியில பேனல்."

வரைபடம் முதல்ல, பீடம், தரை, அப்புறம் பேனல். இந்த வரிசை எந்த பிடிஎஃப்லயும் இல்ல. தரையும் சோலாரும் தனித்தனி ஆள் கையில இருந்தாலும் பரவால்ல, இந்த வரைபடம் மேஸ்திரி கையில இருக்கணும்.

பணம் கொடுக்குறதுல நான் கறார். முன்பணம் கொஞ்சம், சாமான் இறங்கினதும் பெரிய பங்கு, மாட்டி முடிச்சதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கு நெட் மீட்டர் மாட்டி ஓட ஆரம்பிச்சப்புறம்தான். பேனல் மாட்டுறது ரெண்டு மூணு நாள் வேலை. மீட்டருக்காக ஈபி ஆபீசுக்கு நடக்குறதுதான் இழுக்கும். முழுப் பணமும் கைக்குப் போயிட்டா அந்த நடை நம்ம நடை ஆயிடும்.

கடைசியா, எல்லார்கிட்டயும் இந்த ஒரு வரியைக் கொட்டேஷன்ல சேக்கச் சொன்னேன்:

"ஸ்டாண்டு கால் ஊன்றின இடத்திலோ அதைச் சுற்றி இரண்டு அடிக்குள்ளோ ஐந்து வருஷத்துக்குள் தண்ணீர் இறங்கினால், பேனலைக் கழற்றி, தரையைச் சரிசெய்து, திரும்ப மாட்டித் தருவது எங்கள் பொறுப்பு, எங்கள் செலவு."

சில பேர் அதுக்கப்புறம் போனே எடுக்கல. ஒருத்தர் படிச்சுக்கூடப் பாக்காம "ஓகே மேடம், சேத்துடலாம்"னாரு. அவரு இதுவரைக்கும் மாடி ஏறினதே இல்ல. அந்த ஓகேயை எப்படி நம்புறது?

சாக்பீஸ்காரர் மட்டும் ரெண்டு நாள் எடுத்துக்கிட்டாரு. "தரையும் நானே போட்டாத்தான் எழுதித் தருவேன். வேற மேஸ்திரி போட்ட தரைக்கு நான் எப்படிம்மா பொறுப்பு? அப்புறம், அஞ்சு வருஷம் முடியாது, மூணு வருஷம். கைப்பிடிச்சுவர் பூச்சு தனி, அதுக்கு ரெண்டு வருஷம்." அவரு விலைதான் எல்லாத்துலயும் குறைச்சல்னு இல்ல. நடுவுலதான் இருந்துச்சு. வேலை அவருக்குத்தான். பேர் மாத்தத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சு, ஆவணிக்குள்ள தரையை முடிச்சுடறதா பேச்சு.

நீங்களும் உங்க காண்ட்ராக்டர்கிட்ட இந்த வரியை நீட்டிப் பாருங்க. எதுக்குப் பொறுப்பெடுக்க முடியும், எதுக்கு முடியாதுன்னு பிரிச்சுப் பேசுறவரு மாடியைப் பாத்திருக்காரு, தண்ணி எந்த வழியா வரும்னு யோசிச்சிருக்காரு. அவரோட உக்காந்து பேரம் பேசுங்க. ஒத்துக்கிட்டதை எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டப்புறம் முன்பணம் கொடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு ரூபாகூட வேண்டாம்.